தூக்குவாளியில் இருந்த பெயர்

1

எனக்கு அரசாங்கக் காகிதம் என்றாலே பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கரண்ட் பில் வந்தால்கூட ஒருமுறை சாமி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். அப்படிப்பட்டவள் போன மாதம் மத்திய அரசு முத்திரை போட்ட ஒரு காகிதத்தில், ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தெரிந்து போடவில்லை. அதைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அருப்புக்கோட்டையை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து இந்த ஐப்பசியோடு பதினெட்டு வருஷம் முடிந்தது. நம் ஊர்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, அத்தனை வருஷம் வெளியில் இருந்தவளுக்குச் சொல்ல ஒன்றுமா இருக்காது என்று அண்ணன் போனில் கேட்டான். நான் "ஹவ்" என்றேன். இங்கே பழகிப் போன வாய். ஆமாம் என்று அர்த்தம். என்ன ஆச்சு, நெஞ்சுவலியா என்று அண்ணன் பதறிவிட்டான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது மதினி இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தார். "நக்கோ" என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து மதினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாங்கள் இருப்பது ஏ.எஸ்.ராவ் நகரில், ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில். என் வீட்டுக்காரர் குஷாய்குடாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்து, சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுக்கிறேன். ஒரே மகள் ஹரிணி. இன்டர் இரண்டாம் வருஷம்; ஊர்க் கணக்கில் பன்னிரண்டாவது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். சண்டை என்றால் ஆங்கிலம். சினேகிதிகளோடு சிரிப்பது இந்தியில். தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள், குறிப்பாக நான் யாரிடமாவது அவளைப் பற்றிக் குறை சொல்லும்போது. படிக்க மட்டும் ஓர் எழுத்து தெரியாது. இந்தச் சங்கடம் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

2

நகரத்தில் இருக்கும் மத்திய அரசின் பெரிய மியூசியம் ஒன்றில் புதிதாக ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள். இந்த ஊரில் குடியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களிடமிருந்து மாநிலத்துக்கு ஒரு வீட்டுப் பொருள் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். இந்த தேசத்தில் எத்தனை விதமான வீடு இருக்கிறது என்று ஜனங்கள் பார்க்க வேண்டுமாம். ஹரிணியின் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதற்கு உதவி செய்யப் போனார்கள். போனவள் தமிழ்நாட்டுப் பெட்டிக்கு நம் வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். திறப்பு விழா அன்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவளே விளக்கம் சொல்ல வேண்டும். அவளாக வந்து நம் வீட்டைப் பற்றி வெளியே சொல்கிறேன் என்றது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயத்திலும் சந்தோஷமாக இருந்தது.

முதலில் அவர்கள் கேட்டது குத்துவிளக்கு, பட்டுச் சேலை, இல்லையென்றால் பரதநாட்டியச் சலங்கை. எங்கள் வீட்டில் இருக்கும் விளக்கு இங்கே மார்க்கெட்டில் வாங்கியது. பட்டுச் சேலை ஆந்திரத்துத் தர்மாவரம். சலங்கைக்கு எங்கே போக? பரதம் ஆடுகிறவரை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், நம்மில் சலங்கை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று நீங்களே உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அஸ்ஸாம்காரப் பெண். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்கே வந்தார். அடுப்படியைப் பார்க்கலாமா என்று இந்தியில் கேட்டார். எனக்கு அடுப்படியைத் துடைக்காமல் விட்டோமே என்ற கவலை. அவர் கண் நேராகப் பாத்திர அலமாரிக்குப் போனது. தட்டு, டம்ளர், கரண்டி, எல்லாவற்றிலும் ஏதோ எழுத்து இருக்கிறதே, இது என்ன என்றார்.

நம் ஊரில் எவர்சில்வர் கடையில் பெயர் வெட்டாமல் எவராவது பாத்திரம் வாங்குவார்களா? கடை வாசலில் ஒருவர் சின்ன மிஷினை வைத்துக்கொண்டு டர்ர்ர் என்று புள்ளி புள்ளியாக அடித்துத் தருவார். சீர் கொடுத்தவர் பெயர், கல்யாணத் தேதி, முதலெழுத்து. ஒரு கரண்டிக்குக்கூட முதலெழுத்து உண்டு. விசேஷ வீட்டில் நூறு பாத்திரத்தோடு கலந்தாலும் நம்முடையது திரும்பி வர வேண்டும் என்பதற்காக. எனக்குத் தெரிந்த இந்தியில் இதைச் சொன்னேன். அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். கல்வெட்டு மாதிரி அல்லவா என்றார். இப்படி ஒன்றுதான் வேண்டும், பெயர் வெட்டிய தூக்குவாளி இருக்கிறதா என்றார். என் அம்மா சீரில் கொடுத்தது ஒன்று இருக்கிறது என்றேன்.

காகிதம் நிரப்பும்போது வழக்கமான கூத்து நடந்தது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இங்கே எல்லாருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று முன்னால் நடக்கும். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. வந்த புதிதில் கேஸ் இணைப்புக்குப் போனபோது அந்தக் கட்டத்தை விடக்கூடாது என்றார்கள். வீட்டுக்காரர் யோசித்துப் பார்த்து ஊர்ப் பெயரை எழுதிவிட்டார். அன்றிலிருந்து தெலங்கானாவில் நான் அருப்புக்கோட்டை முத்துச்செல்வி. ரேஷன் கடையில் கூப்பிடும்போது பஸ் புறப்படப் போகிற மாதிரி இருக்கும்.

இந்தப் பொருள் என் சொந்தக் குடும்பத்தின் சீர், பரம்பரையாக எங்களிடம் இருப்பது என்று கடைசியில் ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து மியூசியத்திலிருந்து வண்டி வந்தபோது நான் லைனிங் துணி வாங்க ஹப்சிகுடா போயிருந்தேன். ஹரிணிதான் அலமாரியிலிருந்து தூக்குவாளியை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

3

ஒரு வாரம் போனது. பெட்டிக்குள் வைக்கப் போகும் அட்டையின் படத்தை மியூசியத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சரிபார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஆங்கிலம், இந்தி, தெலுங்கு மூன்றிலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை, தமிழ்நாட்டுப் பெட்டிக்கு. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

ஹரிணி ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்துத் தமிழ்க் குடும்பத்து மணப்பெண்ணின் சீர் பாத்திரம். தாய்வீட்டார் கொடுத்தது. மேலே அலங்காரமாக ஒரு கூட்டல் குறி. அதன் கீழே மணப்பெண்ணின் பெயர்.

கூட்டல் குறியா என்று கேட்டேன். என் வாளியில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லையே. போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சின்னதாக ஒரு சிலுவை. அதன் கீழே, த. அந்தோணி – ஜெயமேரி.

ஜெயமேரி எதிர் வீட்டில் எட்டு வருஷம் இருந்தவர். தூத்துக்குடிக்காரர். கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஹூப்ளிக்கு மாற்றலாகிப் போனார்கள். அவர்கள் இருந்த காலத்தில் எங்கள் தளத்தில் இருந்த மூன்று வீட்டுக்கும் பாத்திரம் நடந்துகொண்டே இருக்கும். எங்கள் வீடு, ஜெயமேரி வீடு, தெலுங்குக்கார சரோஜா அக்கா வீடு. அங்கிருந்து மீன் குழம்பு வந்தால் இங்கிருந்து சேமியா பாயசம் போகும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் மூன்று வீட்டிலும் கிடையாது. அதனால் எந்த வாளியும் எந்த வீட்டுக்கும் கணக்காகத் திரும்பிப் போனதே இல்லை. அவர்கள் காலி செய்த அன்று, சாமான் கட்டுகிற அவசரத்தில் என் வாளி லாரியில் ஏறியிருக்கிறது. அவர்களுடையது என் அலமாரியில் நின்றுவிட்டது.

நான்கு வருஷமாக அதில்தான் மாவு ஊற்றி வைக்கிறேன். எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மற்றவர்கள் படிப்பதற்கு. வீட்டுக்காரி எந்த நாளில் தன் பாத்திரத்தைப் படித்திருக்கிறாள்?

4

அன்றிலிருந்து தூக்கம் போனது. வேறொருத்தி கல்யாணத்தை என் கல்யாணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் மத்திய அரசாங்கத்திடம். வேறொருத்தி சிலுவை அலங்காரமாகிவிட்டது. இந்திக்காரரும் தெலுங்குக்காரரும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரே ஓர் ஆள் உள்ளே வந்தால் போதும்.

சொல்லிவிடலாம் என்றால் அங்கேயும் முட்டுகிறது. காகிதத்தில் எழுதியதும் பொருளும் ஒத்துப் போகவில்லை என்றால் பொருள் திரும்பி வந்துவிடுமாம், விதி அப்படியாம். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கு மறுபடியும் வீடு தேட நேரமில்லை, கடையில் வாங்கிய நடனப் பொம்மையை வைத்துவிடுவார்கள் என்றாள் ஹரிணி. பொம்மைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஹரிணி எதற்கு? அவள் அந்த ஒரு நாளுக்காகச் சேலை கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எவரு சூஸ்தாரு? ப்ளீஸ், வதிலெய்யி," என்றாள். யார் பார்க்கப் போகிறார்கள், விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அங்க இருக்கிற சாமான் பூராவும் அடுத்தவுக சாமான்தான் செல்வி. எந்த ராஜா தன் வாளத் தானே கொண்டாந்து கண்ணாடிக்குள்ள வச்சாரு? நீயும் ஒரு வாளிய வச்சிட்டுப் போ."

"ராஜா செத்துட்டாரு. ஜெயமேரி ஹூப்ளியில இருக்காக," என்றேன்.

அவர் ரசம் மட்டும் கேட்டார்.

சரோஜா அக்காவிடம் போய் அழுதேன். அவர் நிதானமாகத் தன் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துக் காட்டினார். என் சம்புடம் இரண்டு, ஜெயமேரியின் தட்டு ஒன்று, யாரென்றே தெரியாத ஒரு பெயரில் ஒரு குண்டா. நீ முதலில் இதையெல்லாம் வாங்கிக்கொண்டு போ, அப்புறம் போலீசுக்குப் போகலாம் என்றார் தெலுங்கில். ஆறுதல் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது.

5

மறுநாள் காலையில் மிஷினை மூடி வைத்துவிட்டு ஜெயமேரிக்குப் போன் போட்டேன். ஹரிணி பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பத்து நிமிஷம் வெயில், தண்ணீர், வாடகை. பிறகு ஒரு வழியாக விஷயத்துக்கு வந்தேன்.

"அப்போ எங்க பேரு மியூசியத்துல இருக்கா?" என்றார் ஜெயமேரி.

"இருக்குக்கா. ஆனா என் வாளின்னு எழுதிருக்கு. நான் வேணும்னு செய்யலக்கா. இன்னைக்கே திருப்பித் தரச் சொல்லிருதேன்."

"எதுக்கு திருப்பணும்? உங்க வாளி இங்கதான் கெடக்கு. சீனி போட்டு வச்சிருக்கேன். நானும் நாலு வருசமா என் வாளின்னுதான் நெனச்சிட்டிருக்கேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்ற குரலில் கேட்டார். "எங்க சிலுவைய என்னன்னு எழுதியிருக்காவ?"

அதை எப்படிச் சொல்வது? ஹரிணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அலங்காரம் என்று எழுதியிருக்கிறார்கள், கூட்டல் குறி மாதிரி என்று மெதுவாகச் சொன்னேன்.

"செல்விக்கா, வாளி அங்கயே இருக்கட்டும், யாரு பேரு வேணா போட்டுக்கிடட்டும். அத மட்டும் அலங்காரம்னு எழுத வேண்டாம்னு சொல்லுங்க. எங்க அப்பா கடையில பக்கத்துல நின்னு, மொதல்ல சிலுவ, பொறவு பேருன்னு சொல்லி வெட்ட வச்சாவ."

போனை வைத்த பிறகு ஹரிணிதான் எழுந்து போய்த் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போகலாம் என்று தெலுங்கில் சொன்னாள். நான் இன்னும் பயந்துகொண்டிருந்தேன்.

6

இரண்டு பஸ் மாறி மியூசியத்துக்குப் போனோம். அந்த அஸ்ஸாம்கார அம்மாளின் மேஜை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். நான் இந்தியில் ஆரம்பித்து, பாதியில் தெலுங்குக்குத் தாவி, கடைசியில் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஹரிணி எல்லாவற்றையும் கோத்து ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாததால் நான்தான் தவறான வாளியை எடுத்துக் கொடுத்தேன் என்று தன் மேல் போட்டுக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கியது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. எழுந்து எங்களை உள்ளே அழைத்துப் போய், இன்னும் திறக்காத கூடத்தில் அஸ்ஸாம் பெட்டியைக் காட்டினார். தேயிலைக் கூடை ஒன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் எவரும் தேயிலை பறித்ததில்லை, நான் காப்பிதான் குடிப்பேன், ஆனால் மேலிடத்தில் கூடைதான் வேண்டும் என்றார்கள் என்றார். பக்கத்துப் பெட்டி நம்முடையது. விளக்கு வெளிச்சத்தில் வாளி புதுசு மாதிரி மின்னியது. நான் ஒருநாள்கூட அதை அவ்வளவு நன்றாகத் தேய்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மேஜைக்குத் திரும்பியதும் அவர் கணினியில் எங்கள் காகிதத்தைத் திறந்தார். மூன்று மொழி அட்டையையும் மாற்றலாம், சிலுவையைச் சிலுவை என்றே எழுதலாம், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. உரிமைதான் சிக்கல். ஒரு பொருளுக்கு இரண்டு பேர் பெயர் போட வேண்டும் என்றால் இருவருக்கும் என்ன உறவு என்று கணினி கேட்கும். தாய், மகள், சகோதரி, மாமியார், மருமகள். இவை எதுவும் இல்லையென்றால் இதர என்று ஒன்று உண்டு. இதர போட்டால் முத்திரைத்தாளில் இருவரும் நேரில் வந்து எழுதித் தர வேண்டும். ஹூப்ளியிலிருந்து நான்கு நாளில் யார் வருவது?

எதிர் வீடு என்று ஒரு கட்டம் இல்லையா என்று கேட்டேன். அந்த அம்மாள் அரசாங்கத்தின் சார்பில் வருத்தப்பட்டார்.

ஹரிணி ஜெயமேரிக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். எனக்குத் தெரியாமல் அவள் அதற்குள் முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. தமிழில் பேசினாள். உடைந்த தமிழ்தான், ஆனால் வேறெதுவும் கலக்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க அம்மாக்கு சிஸ்டர்னு போடவா?"

"போடு போடு. இதுல என்ன கேள்வி," என்றார் ஜெயமேரி.

ஒருத்தி பெயர் ஜெயமேரி, இன்னொருத்தி பெயர் முத்துச்செல்வி, எப்படி இது என்று மேலிடத்தில் கேட்க மாட்டார்களா என்று நான் பயந்துகொண்டே கேட்டேன். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் இது பன்முகத்தன்மைக்கான கூடம்தானே என்று சொல்லிவிடுவேன் என்றார், முகம் திருப்பாமல்.

ஹரிணி சகோதரி என்ற கட்டத்தைத் தொட்டாள். அடுத்த கட்டம் திறந்தது. இருவரில் யார் மூத்தவர். உரிமையில் மூத்தவர் பெயர் முதலில் வரும்.

"அவங்கதான்," என்றேன்.

"செல்விக்காதான்," என்றது போன்.

எட்டு வருஷம் எதிர் எதிர் வீட்டில் இருந்தோம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். நான் அக்கா என்பது மரியாதைக்கு என்று அவர் நினைத்திருப்பார், நான் வயசுக்குத்தான் சொன்னேன். இதுவரை யாரும் எழுத்தில் கேட்டதில்லை. நான் பிறந்த வருஷத்தைச் சொன்னேன். அவர் தன்னுடையதைச் சொல்லவில்லை. ஞானஸ்நானச் சீட்டு ஊரில் இருக்கிறது, இப்போது கைவசம் இல்லை என்றார். உங்க மூத்த பையனே என் ஹரிணியவிட ஆறு வயசு பெரியவன்தானக்கா என்றேன். எனக்குச் சின்ன வயசுலயே கல்யாணம் பண்ணி வச்சிட்டாவ என்றார். வாளியில கல்யாணத் தேதி இருக்கான்னு பாரு ஹரிணி என்றேன். இருந்தா அது உங்க வாளியாவே இருக்கட்டும் என்றார் ஜெயமேரி உடனே. அந்த அஸ்ஸாம்கார அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று நன்றாகப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் ஹரிணி என்னைக் கேட்கவில்லை. கணினியில் என் பெயரை முதலில் தட்டினாள். அடித்த காகிதத்தை என் முன்னால் வைத்தாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எந்த வரி பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழா நல்லபடியாக முடிந்தது. ஹரிணி சேலையில் நின்று, சிலுவையில் ஆரம்பித்து விளக்கம் சொன்னாள். எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. ஒன்றே ஒன்றுதான் அவ்வப்போது உறுத்துகிறது. ஜெயமேரி என்னைவிடக் குறைந்தது நான்கு வயது மூத்தவர். மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டில் மட்டும் அவர் எனக்குத் தங்கை. அதை மாற்ற எந்த அலுவலகத்துக்கு மனுக் கொடுப்பது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.